இலைக்கு முன்னால் ஒரு சாம்பல் மனிதன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஐந்து வருடம் டிசைன் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், சாவு. மனுஷ வாழ்க்கையில் வேறு எதற்கும் பேனர் தேவைப்படுவதில்லை. இதில் சாவுக்கென்று யாரும் போட்டோ எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் யாரோ கோயில் வாசலில் செல்போனில் எடுத்தது இருக்கும். ஆளை மட்டும் வெட்டி எடுத்து, கலரை எடுத்துவிடுவேன். ஒரு சொடுக்குதான். மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் காலமாகிவிடுவார். பின்னால் நீல மேகம், கீழே இரண்டு குத்துவிளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி. மேகத்துக்கும் விளக்குக்கும் கலர் உண்டு. ஆளுக்கு மட்டும் கிடையாது.

ஒருமுறை ஒரு மகன், தன் அப்பா கலரிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அப்படியே போட்டுக் கொடுத்தோம். பஸ்ஸில் போனவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை, கலரைத்தான் பார்த்தார்கள். பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம் போல என்று நினைத்துக்கொண்டு இரண்டு பேர் மகனுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னார்கள். அவன் கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து முதலாளி சட்டம் போட்டார்: செத்தவர் என்றால் கறுப்பு வெள்ளை, யார் கேட்டாலும் மாற்றக்கூடாது. சுற்றுவட்டாரம் முழுக்க எங்கள் பேனர்தான் போகும். அந்தக் கலரை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று இந்த ஊர்களுக்குப் பழக்கிவிட்டதில் என் கையும் உண்டு. பிறகு நானே அதை மறந்தேன். மறந்ததால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடையை விட்டபின் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரைப் படங்கள் வரைய ஆரம்பித்தேன். ஊரில் வீட்டிலிருந்தே வேலை. காலையில் பொறுப்பாசிரியர் போனில் கட்டுரையை இரண்டு வரியில் சொல்வார், சாயந்திரத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். விவசாயி என்றால் வெடித்த நிலம், நீதி என்றால் தராசு, கல்வி என்றால் இறக்கை முளைத்த புத்தகம். இந்த மூன்றையும் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டுரை சொன்னதையே திருப்பிச் சொல்வதற்குப் படம் எதற்கு? தனியாக விடப்பட்ட வயதானவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கட்டிலில் ஒரு கிழவர், கையில் செல்போன், அந்தச் சார்ஜர் ஒயர் சுவருக்குப் போகாமல் அவர் தொப்புளுக்குப் போகிறது என்று வரைந்தேன். மூடப்பட்ட பள்ளிக்கூடங்களைப் பற்றிய கட்டுரைக்கு, பள்ளி மணிக்குள் ஒரு குருவிக்கூடு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், வாசகன் இரண்டு விநாடியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கலரையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன், அல்லது கற்றுக்கொண்டதாக நினைத்தேன். படம் முழுவதையும் மங்கலாக வைத்து ஒரே இடத்தில் சிவப்பு வைத்தால் கண் நேராக அங்கேதான் போகும். படம் முழுக்கக் கலர் வைத்துவிட்டு ஒரே இடத்தில் மட்டும் கலரை எடுத்துவிட்டாலும் அப்படித்தான், கண் அந்த வெற்றிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. ஃப்ளெக்ஸ் கடையில் ஐந்து வருடம் இதையேதான் செய்தோம் என்பது மண்டையில் ஏறவில்லை.

என் அக்காவை நைனார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். மாமாவுக்கு நிலம் கிடையாது. கரும்பு வெட்டு, சோளம் அறுப்பு, மரவள்ளி பிடுங்குவது என்று கிடைத்த வேலைக்குப் போவார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இலையையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொல்வார். என் படம் வந்த பத்திரிகையை டீக்கடையில் பார்த்துவிட்டுப் போன் செய்வார். “மச்சான், உன் படத்துல யார் யாரோ வராங்க, என்ன எப்பப்பா போடுவ?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். உங்கள் மீசை பக்கத்துக்குள் அடங்காது மாமா என்பேன்.

ஒரு வருடம் வேலை கம்மியாக இருந்ததால், கல்வராயன் மலைக்காரர்களோடு வேன் ஏறிப் பக்கத்து மாநிலத்துக் காப்பித் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனார். இரண்டு மாத வேலை. முடிந்து திரும்பி வரும்போது ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க வேனை நிறுத்தியிருக்கிறார்கள். இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. உடன் போனவர்கள் அரை நாள் தேடியிருக்கிறார்கள். போன் அணைந்திருந்தது. அந்த ஊர் ஸ்டேஷனில் புகாரை உங்கள் ஊரில் கொடு என்றார்கள், எங்கள் ஊரில் அந்த ஊரில் கொடு என்றார்கள். நானும் மாமாவின் அண்ணனும் இரண்டு முறை அங்கே போய், பஸ் ஸ்டாண்டு சுவரில் அவர் போட்டோவை ஒட்டிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு தகவலும் இல்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். போட்டோவின் நெற்றியில் பொட்டு இருந்தால் ஆள் இல்லை, பொட்டு இல்லையென்றால் இருக்கிறார். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் கல்யாண போட்டோவின் கண்ணாடியைத் துடைப்பாள். ஒரு தடவை மாமியார் அதற்குக் கனகாம்பரம் வைத்துவிட்டார். அக்கா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மாமியாரையும் குறை சொல்ல முடியாது. “அழுவவும் முடியல, உடவும் முடியல. புள்ளைக்கு ஒரு பிடி சோறு எடுத்து வெக்க முடியல தம்பி” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அக்காவின் பக்கம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லையே. செத்ததை யாரும் பார்க்கவில்லையே.

அந்தச் சமயத்தில் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார். கல்வராயன் மலையிலிருந்து வேலைக்குப் போய்த் தகவல் இல்லாமல் போனவர்களைப் பற்றி நிருபர் ஒருவர் எழுதியிருந்தார். “உங்க ஊர்ப் பக்கம். நல்லா பண்ணுங்க” என்றார். இரண்டு நாள் அவகாசமும் கொடுத்தார். கலர் பார்ப்பதற்காகவே நான் வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலைமேல் சாமை கதிர் வாங்கியிருந்தது, மண் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. நிருபர் சொல்லியிருந்த ஒரு வீட்டில் என்னைச் சாப்பிட வைத்தார்கள். பரிமாறுவதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு தட்டில் சோறு எடுத்து, குழம்பு ஊற்றி, மூடித் தனியாக வைத்தார். யாருக்கு என்று கேட்டேன். “வந்தா துன்னுவான். வரலன்னா நான் துன்றேன்” என்றார். மகன் போய் ஆறு வருடமாம்.

கீழே இறங்கும் பஸ்ஸிலேயே படம் மனதில் வந்துவிட்டது. ஒரு குடும்பம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. பின்னால் மலை, சோளத்தின் மஞ்சள், கொடியில் காயும் புடவைகள், எல்லாம் முழுக் கலர். நடுவில் ஓர் ஆள் மட்டும் சாம்பல் நிறம். ஆனால் அவர் முன்னால் வைத்திருக்கும் சோறு கலரில் இருக்கும், ஆவி பறக்கும். ஆள் இல்லை, அவருக்கான இடம் சூடாக இருக்கிறது. காத்திருப்பதை இதைவிடச் சின்னதாகச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வரைய உட்கார்ந்தபோது இரண்டு காரியம் செய்தேன். எவர்சில்வர் தட்டு சாம்பல் ஆளோடு சேர்ந்து மங்கிப்போனது, எடுபடவில்லை. அதனால் தட்டை எடுத்துவிட்டு வாழை இலை போட்டேன். சாம்பலுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை பளிச்சென்று நின்றது. இரண்டாவது, ஆளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. கற்பனையில் வரைந்த முகங்கள் எல்லாம் சினிமா போஸ்டர் மாதிரி வந்தன. என் போனில் அக்காவின் கல்யாண போட்டோ இருந்தது. மீசையைக் கொஞ்சம் குறைத்தேன். யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் கேட்கவில்லை.

பொறுப்பாசிரியர் போன் செய்து, “இதுக்கப்புறம் கட்டுரையே தேவையில்லங்க” என்றார். முழுப் பக்கம் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம். அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தேன், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

வெள்ளிக்கிழமை மாமாவின் அண்ணன் போன் செய்தார். “டீக்கடையில பாத்தோம் தம்பி. எடுத்தாந்து அம்மாகிட்டயும் காட்டிட்டேன். நீ வாயால சொல்ல முடியாமதான் படமா போட்டிருக்கன்னு அம்மா சொல்லுது. உனுக்கும் கஷ்டம்தான். கொஞ்சம் வந்துட்டுப் போ” என்றார். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. என்ன சொல்ல முடியாமல், எதைப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் பாதி வழியில்தான் விளங்கியது. இலை. சாம்பல் ஆள். சுற்றிலும் குடும்பம். அது என் ஊரில் காத்திருப்பது இல்லை, படையல். செத்தவருக்கு இலை போட்டுக் கும்பிடுவதை அச்சு அசலாக வரைந்து, முழுப் பக்கத்தில் அச்சடித்து, டீக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்குள் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பக்கம் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. அந்தப் படத்தில் நான் சிவப்பே வைக்கவில்லை. இப்போது கண் நேராக அங்கேதான் போனது.

“எம்புள்ளைக்கு எல போட்டவன் நீதான்பா” என்றார் மாமியார். “மூணு வருசமா நாங்க யாரும் போடல. நீ போட்ட.” என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அத்தை, அது படையல் இல்ல. வருவாருன்னு காத்துக்கினு இருக்காங்கன்னு காட்டறதுக்குப் போட்டது. எனக்கு ஒரு தகவலும் வரல.”

மாமாவின் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். “காத்துக்கினு இருந்தா அவன மட்டும் ஏம்பா கறுப்பு வெள்ளையில போட்ட? நீ பண்ண பேனர்லாம் நாங்க பாக்கலியா? பத்திரிகையில கீற. உனுக்கு எங்கிருந்தாவது சேதி வந்திருக்கும். அக்காகிட்ட சொல்ல மனசு வரல. நாங்க ஒன்னும் தப்பா நெனைக்கல.”

சாம்பல் என்பது வெற்றிடம், இல்லாமை, நினைவு என்று பத்திரிகையில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் தப்பாகப் படிக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்த மாதிரிதான் படித்தார்கள்.

அக்கா பின்பக்கம் அடுப்படியில் இருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும், “உனக்கு எதனா தெரியுமாடா?” என்றாள்.

“சத்தியமா தெரியாதுக்கா.”

“அவங்ககிட்ட சொல்லு.”

“சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க.”

“நான் நம்பறேன்” என்றாள். பாத்திரத்தைக் கீழே இறக்கி வைத்தாள். “ஆனா உன் கைக்கு ஏன்டா அப்டி தோணுச்சு?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேர்மையாக ஒரே பதில்தான் இருக்கிறது, அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. நான் ஒரு வருடத்துக்கு முன்பே மாமாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பேச்சில் அவரை ‘இருந்தாரு’ என்று சொல்லத் தொடங்கி, அக்கா எதிரில் மட்டும் ‘இருக்காரு’ என்று திருத்திக்கொண்டிருந்தேன். வாய் திருத்திக்கொண்டது, கை திருத்திக்கொள்ளவில்லை. மலைமேல் அந்த அம்மா தட்டில் சோறு எடுத்து வைத்தபோது அது காத்திருப்பு. அதையே நான் எடுத்து வந்து இலையில் போட்டபோது அது படையலாகிவிட்டது. கலருக்காகத்தான் மாற்றினேன் என்று எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் எனக்கே அது போதவில்லை.

கருமாதிக்கு நாள் குறித்தார்கள். அக்கா தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தடுக்கவில்லை. மூன்று வருடம் அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாதம், யாரும் பார்க்கவில்லை என்பது. இப்போது ஊரே பார்த்துவிட்டது. டீக்கடையில், சலூனில், ரேஷன் கடை வரிசையில் பார்த்துவிட்டார்கள். தன் தம்பி வரைந்ததற்கு எதிராக அவள் யாரிடம் போய்ப் பேசுவாள்?

எங்கள் வழக்கத்தில் கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடி என்று ஒன்று உண்டு. கணவனை இழந்தவளுக்கு முதல் புடவையை அண்ணனோ தம்பியோதான் எடுத்துவந்து மேலே போர்த்த வேண்டும். நான் போகாமல் இருந்துவிட யோசித்தேன். பிறந்த வீட்டிலிருந்து ஒரு துணிகூட வரவில்லை என்ற பேச்சும் அவள் தலையில்தான் விழும் என்பதால் போனேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை. விற்பனைப் பெண், “என்ன விசேஷங்க சார்?” என்றாள். கோடிக்கு என்றேன். அவள் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு இளம் கலர்களாக எடுத்துப் போட்டாள். வெளிறிய ஊதா, வெளிறிய நீலம், பாதி போய்விட்ட ரோஸ். இந்தக் கலருக்கு இந்த அர்த்தம், அந்தக் கலர் பக்கத்தில் வந்தால் இப்படி மாறும் என்று ஒரு கல்லூரியில் கூப்பிட்டு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், பேசியிருக்கிறேன். அங்கே முக்கால் மணி நேரம் நின்றேன். பின்னால் வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் எடுத்து முடித்துப் போய்விட்டார்கள். எந்தக் கலரை எடுத்தாலும் அதற்கு அன்றைக்கு ஒரே அர்த்தம்தான். கடைசியில் பச்சை எடுத்தேன், அக்காவுக்குப் பச்சை பிடிக்கும் என்பதால்.

நைனார்பாளையம் வந்து இறங்கினால் தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். என் பழைய கடையில் அடித்தது. கல்யாண போட்டோவை அவர்கள் தேடவில்லை, ஆள்தான் தயாராகக் கறுப்பு வெள்ளையில் இருக்கிறாரே. என் படத்திலிருந்து மாமாவை மட்டும் வெட்டி எடுத்து, நீல மேகத்தின்மேல் வைத்திருந்தார்கள். நான் குறைத்த மீசை அப்படியே இருந்தது.

ஏரிக்கரையில் எல்லாம் நடந்தது. பெண்கள் அக்காவைச் சுற்றி நின்று செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மாமியார் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார், மூன்று வருட அழுகை, நிறுத்தவே முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். புடவையைப் பிரித்து அக்காவின் தோளில் போர்த்தினேன். அவள் அழவில்லை. முந்தானையை எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்ல கலரா பாத்து எடுத்திருக்கடா” என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குப்பின் பத்திரிகையிலிருந்து இரண்டு முறை, அந்தச் சாம்பல் ஆள் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். முடியாது என்றேன், காரணம் சொல்லவில்லை. தராசும் வெடித்த நிலமும் வரைந்து அனுப்பினேன். யாரும் குறை சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மாமாவை முதலில் முழுக் கலரில்தான் வரைந்திருந்தேன். கம்ப்யூட்டரில் கலர் தனி அடுக்காக இருக்கும், சாம்பலுக்காக அதை மறைத்து வைத்ததோடு சரி, அழிக்கவில்லை. ஒரு சொடுக்கில் வந்துவிட்டார். மாநிறம், நீலக்கட்டம் போட்ட சட்டை, வெற்றிலைக் கறை. மீசையை அவருடைய அளவுக்கே வளர்த்தேன். இலையை எடுத்துவிட்டுத் தட்டு வைத்தேன். நல்ல தாளில் அச்செடுத்து, சுருட்டி, அக்காவிடம் எடுத்துப் போனேன். இதில் ஏதோ பரிகாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டுதான் போனேன்.

சுவரில் என் பழைய படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பொட்டு, மாலை, சிவப்பு பல்பு. அக்கா நான் கொடுத்ததைப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் சுருட்டி, ரப்பர் பேண்டைப் போட்டு என் கையில் கொடுத்தாள்.

“நீயே வெச்சுக்கடா” என்றாள். “இதுல வந்துடுவாரு மாதிரி இருக்காரு. எனக்கு கும்புட்டுப் பழகிடுச்சு.”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். தட்டு வைத்தாள், உட்கார்ந்தேன். முதலில் எடுத்த சோற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெளியே போய்க் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்துதான் எனக்குப் பரிமாறினாள்.